கணக்கில் வராத பிள்ளைகள்

திருப்பதி அரசு மகப்பேறு மருத்துவமனையின் வரிசையில் ஒரே வாக்கியத்தை இரண்டு மொழிகளில் கேட்கலாம். பீலேரு, புங்கனூர்ப் பக்கத்திலிருந்து வந்தவள் "பிட்ட கதலடம் லேது" என்பாள். நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கத்திலிருந்து வந்தவள் "நேத்துலேர்ந்து பிள்ளை அசையமாட்டேங்குது" என்பாள். பிட்டவும் பிள்ளையும் ஒன்றுதான். இருவர் கையும் இருப்பதும் ஒரே இடத்தில்தான், மேல்வயிற்றில்.

வயிற்றுப் பிள்ளை நலமாக இருக்கிறதா என்று அறிய மருத்துவம் கண்டுபிடித்த சோதனைகள் எல்லாவற்றுக்கும் மூத்தது இந்த வாக்கியம். மரக்குழல், நெஞ்சுத்துடிப்பைத் தாளில் வரையும் கருவி, ஸ்கேன், டாப்ளர் எல்லாம் பின்னால் வந்தவை. தாய் சொன்ன சேதி மெய்தானா, மெய் என்றால் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பார்க்க வந்தவை. இருநூறு ஆண்டுகளில் கருவிகள் நெடுந்தூரம் வந்துவிட்டன. சேதி சொன்னவளை நம்பி உடனே எழுந்து ஓடுகிற வழக்கம் அந்த வேகத்தில் வரவில்லை. சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் நூறாண்டுப் பிரசவ வரலாற்றைப் பார்க்கும்போது எனக்குப் படுவது இதுதான்.

1911 வரை சித்தூர்தான் வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகரம். அந்த ஆண்டு சித்தூர் தனி மாவட்டமாகப் பிரிந்தது, வேலூர் வட ஆற்காட்டின் தலைநகரமானது. கோடு வரைபடத்தில் விழுந்ததே தவிர பிள்ளைத்தாச்சிகளின் மாட்டு வண்டிகள் அதைப் பார்த்துத் திரும்பவில்லை. சித்தூரிலிருந்து வேலூர் 35 கிலோமீட்டர், திருப்பதி 70 கிலோமீட்டர். பிரசவம் சிக்கலானால் அந்தக் காலத்துச் சித்தூர்க்காரர்கள் தெற்கே போனார்கள். இன்றும் போகிறார்கள். அங்கே ஐடா ஸ்கடர் 1902-ல் திறந்த ஷெல் மருத்துவமனை இருந்தது. அதுவே பின்னாளில் சி.எம்.சி. என்று வளர்ந்தது.

ஐடா ஸ்கடர் மருத்துவரான கதை நம் பக்கத்தில் பலருக்குத் தெரிந்ததுதான். ராணிப்பேட்டையில் பிறந்து, அமெரிக்காவில் படித்து, தாயைப் பார்க்கத் திண்டிவனம் வந்திருந்தாள் அந்த இளம்பெண். ஒரே இரவில் மூன்று ஆண்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள். மூவர் மனைவிகளும் பிரசவ வேதனையில் கிடந்தார்கள். அப்பா மருத்துவர், அவரை அழைத்துப்போங்கள் என்றாள் ஐடா. ஆண் மருத்துவர் எங்கள் வீட்டுப் பெண்ணைத் தொடக்கூடாது என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். அந்தக் காலையில்தான் அவள் மருத்துவம் படிப்பதென்று முடிவு செய்தாள். 1899-ல் பட்டம் பெற்றாள், 1900 தொடக்கத்தில் வேலூர் வந்தாள்.

மூன்று பெண்கள் என்றுதான் கதை சொல்கிறது. நூறு ஆண்டுகளுக்கு மேலாக எல்லோரும் அப்படியே சொல்லிவருகிறோம். அந்த மூன்று வயிறுகளிலும் இருந்த பிள்ளைகள் என்ன ஆயின என்று கதையில் ஒரு சொல்லும் இல்லை. கேட்டவர்களும் அதைப்பற்றிக் கேட்பதில்லை. இது ஐடா ஸ்கடரின் குறை அல்ல. அக்காலத்து உலகமே அப்படித்தான் எண்ணியது. தாய் பிழைத்தால் போதும், பிள்ளை கடவுள் விட்ட வழி. தமிழில் மருத்துவச்சி என்றும் தெலுங்கில் மந்திரசானி என்றும் நாம் அழைத்த அந்தக் கிழவிகள் கைப்பக்குவம் மிக்கவர்கள். குறுக்கே கிடக்கும் பிள்ளையை வெளியிலிருந்தே நீவித் திருப்பத் தெரிந்தவர்கள் அவர்களில் உண்டு. ஆனாலும் உள்ளே இருக்கும் பிள்ளை மூச்சு முட்டித் தவிக்கிறதா என்று அறிய அவர்களிடமும் வழி இருக்கவில்லை.

அந்தப் பிள்ளையின் நெஞ்சுத்துடிப்பு மனிதக் காதில் விழுந்த வரலாறே தற்செயலானது. 1818-ல் ஜெனீவாவில் பிரான்சுவா மயோர் என்பவர் கர்ப்பிணியின் வயிற்றில் காது வைத்துக் கேட்டார். அதை மேலும் கொண்டுபோனவர் கெர்கரடெக் என்ற பிரெஞ்சு மருத்துவர். லெனெக் கண்டுபிடித்த ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பனிக்குட நீர் சலசலக்கும் ஒலியைக் கேட்கத்தான் அவர் முயன்றார். காதில் விழுந்ததோ கடிகாரம் ஓடுவதுபோன்ற வேகமான இரட்டைத் துடிப்பு. 1821 டிசம்பரில் பாரிஸ் மருத்துவக் கழகத்தில் அதை அறிவித்தார். இந்தத் துடிப்பின் மாற்றத்தைக் கொண்டு பிள்ளையின் உடல்நிலையையே அறியமுடியாதா என்று அப்போதே கேட்டவர் அவர். அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் பிறகு வந்த எல்லாக் கருவிகளும். பினார் என்பவர் பேரால் வழங்கும் கூம்புக் குழலை இன்றும் நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நர்சம்மாக்கள் வயிற்றில் அழுத்தி வைத்துக் காது கொடுப்பதைப் பார்க்கலாம்.

சென்னையில் 1844-ல் தொடங்கிய பிரசவ மருத்துவமனை 1882-ல் எழும்பூருக்கு வந்தது. அதன் முதல் இந்தியக் கண்காணிப்பாளர் ஆற்காடு லட்சுமணசாமி முதலியார், ராயலசீமையின் கர்னூலில் பிறந்தவர். 1938-ல் அவர் எழுதிய மகப்பேறு மருத்துவ நூல் தென்னிந்தியாவில் தலைமுறை தலைமுறையாக மாணவர் கையில் இருந்துவருகிறது. அவர் தலைமுறைக்குக் கருவின் நலம் என்பது பெரும்பாலும் காதால் கேட்டு எண்ணுவதுதான். நிமிடத்துக்கு 120-லிருந்து 160 வரை துடித்தால் நலம், அதற்குக் கீழோ மேலோ போனால் ஆபத்து. இதில் ஒரு பெரிய இடைவெளி இருந்தது. துடிப்பின் வேகம் குறைந்து காதுக்குத் தெரியும்போது பிள்ளை ஏற்கெனவே விளிம்பில் நிற்கும். நேற்று எப்படி இருந்தது, நாளை எப்படி இருக்கும் என்று குழல் சொல்லாது.

1960-ஐ இந்த மண்ணின் ஆண்டு என்பேன். அந்த ஏப்ரல் முதல் தேதி எல்லைகள் மறுபடி மாறின. திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது, சத்தியவேடு பக்கத்து ஊர்கள் சித்தூரோடு சேர்ந்தன. மே மாதம் ஐடா ஸ்கடர் கொடைக்கானலில் காலமானார். அதே ஆண்டில் திருப்பதியில் ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவக் கல்லூரி தொடங்கியது. அதை ஒட்டி எழுந்த ருயா மருத்துவமனையும், மகப்பேறு மருத்துவமனையும் சேர்ந்து, வேலூரையும் எழும்பூரையுமே நம்பியிருந்த ஒரு பெரும்பரப்புக்கு உள்ளூரிலேயே ஒரு பெரியாஸ்பத்திரியைக் கொடுத்தன. பிறந்த பிள்ளையைத் திருமலையில் துலாபாரத்தட்டில் வைத்து எடைக்கு எடை வெல்லமும் நாணயமும் செலுத்துகிற ஊர் இது. பிறக்காத பிள்ளையின் எடையையும் நலத்தையும் அளக்கும் வேலை மலையடிவாரத்தில் அப்போது தொடங்கியது.

வெளியுலகில் கருவிகள் அதற்குச் சற்று முன்தான் புறப்பட்டிருந்தன. 1958-ல் அமெரிக்காவில் எட்வர்ட் ஹான் கருவின் இதயத்துடிப்பை மின்கருவியால் தொடர்ச்சியாகப் பதிவு செய்து காட்டினார். அதே ஆண்டு கிளாஸ்கோவில் இயன் டொனால்ட் ஒலியலைகளால் வயிற்றுக்குள் பார்த்த படங்களை வெளியிட்டார். ஒருவர் காதைப் பெரிதாக்கினார், மற்றவர் கண் திறந்தார். இவை இரண்டும் நம் ஊர் அரசு மருத்துவமனைக்கு வந்துசேர இன்னும் பல ஆண்டுகள் பிடித்தன.

துடிப்பைப் பதியும் கருவியால் செய்யும், என்.எஸ்.டி. (நான்-ஸ்ட்ரெஸ் டெஸ்ட்) என்று வார்டில் எல்லோரும் சொல்லும் சோதனையை விளங்கிக்கொள்ளப் படிப்பு வேண்டாம். ரத்தக்கொதிப்போ சர்க்கரையோ உள்ளவள், முன்பு ஒரு பிள்ளையை வயிற்றிலேயே இழந்தவள், தேதி தாண்டியவள், பிள்ளை வளரவில்லை என்று ஸ்கேனில் சொல்லப்பட்டவள் ஆகியோருக்கே இது முக்கியமாகச் செய்யப்படுகிறது. கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு இடப்பக்கம் சாய்ந்து படுக்கிறாள். வயிற்றில் இரண்டு வட்டுகளைப் பட்டியால் கட்டுகிறார்கள். ஒன்று துடிப்பைக் கேட்கிறது, மற்றது வயிறு இறுகுவதை உணர்கிறது. பிள்ளை அசையும்போதெல்லாம் அவள் கையிலுள்ள பொத்தானை அழுத்துகிறாள். நாம் ஓடினால் நெஞ்சு படபடப்பதுபோல, நலமாயுள்ள பிள்ளை கைகாலை அசைத்தால் அதன் துடிப்பும் ஏறவேண்டும். 20 நிமிடத்துக்குள் இரண்டு முறையாவது துடிப்பு 15 அளவு உயர்ந்து 15 விநாடி நின்றால், இன்றைக்குப் பிள்ளை நலம். உயரவில்லை என்றால் பிள்ளை உறங்கிக்கொண்டும் இருக்கலாம், இன்னொரு 20 நிமிடம் பார்க்கவேண்டும். சில இடங்களில் ஒலியெழுப்பும் சிறு கருவியை வயிற்றில் வைத்து எழுப்பிப் பார்ப்பார்கள். வயிற்றுப் பிள்ளைக்குக் காது கேட்கும் என்று நம்பி ஏழாம் மாதத்தில் கைநிறைய வளையல் அடுக்கிய நம் பாட்டிகளுக்கு இது வியப்பைத் தந்திருக்காது.

1980-ல் ஃபிராங்க் மேனிங்கும் கூட்டாளிகளும் ஸ்கேனையும் இதோடு சேர்த்தார்கள். ஐந்து செய்திகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண், மொத்தம் பத்து. என்.எஸ்.டி. ஒன்று. மற்ற நான்கும் ஸ்கேனில் கண்ணால் பார்ப்பவை: பிள்ளை மூச்சுவிடும் பயிற்சி செய்கிறதா, உடலை அசைக்கிறதா, கைகாலை மடக்கி நீட்டுகிறதா, பனிக்குடத்தில் நீர் போதுமான அளவு இருக்கிறதா. மூச்சா, தண்ணீருக்குள்ளா என்று கேட்கலாம். வெளியே வந்து விடப்போகும் மூச்சுக்குப் பிள்ளை உள்ளேயே மாதக்கணக்கில் ஒத்திகை பார்க்கிறது.

இந்த ஐந்துக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது. மருத்துவப் புத்தகத்தில் இதைப் படித்தபோது எனக்கு மனம் கனத்தது. நஞ்சுக்கொடி வழியே வரும் பிராணவாயு குறையக் குறைய, பிள்ளை தன் செயல்களை ஒவ்வொன்றாக நிறுத்துகிறது. எப்படியோ நிறுத்துவதில்லை, கடைசியாகக் கற்றதை முதலில் கைவிடுகிறது. அசைவோடு துடிப்பை ஏற்றுவது கடைசியாக வந்த திறமை. அது முதலில் போகிறது. பிறகு மூச்சுப் பயிற்சி நிற்கிறது. பிறகு உடல் அசைவு. எட்டாவது வாரத்திலேயே வந்துவிட்ட கைகால் மடக்கும் இறுக்கம் எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் தளர்கிறது.

சித்தூர் மேட்டுநிலத்தில் நிலக்கடலை போட்டவர்களுக்கு இதைச் சொன்னால் உடனே புரியும். மழை பொய்த்த வருஷத்தில் வீடு அப்படித்தான் சுருங்கும். முதலில் திருவிழாச் செலவு நிற்கும். அடுத்து புதுத்துணி. அப்புறம் மூன்று வேளைச் சாப்பாடு இரண்டாகும். மாடு விற்பார்கள். விதைக்கடலை மூட்டையை மட்டும் கடைசிவரை அவிழ்க்கமாட்டார்கள். வயிற்றுப் பிள்ளையும் பஞ்சம் தெரிந்த குடியானவனைப்போலச் செலவைச் சுருக்குகிறது. அசைவதற்குச் செலவாகும் பிராணவாயுவை மிச்சப்படுத்தி மூளைக்கும் இதயத்துக்கும் அனுப்புகிறது. சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கிறது. சிறுநீர் குறைகிறது, அதனால்தான் நாளடைவில் பனிக்குட நீரும் வற்றுகிறது. "குடத்துல தண்ணி கம்மியா இருக்கு" என்று டாக்டரம்மா சொல்வதைக் கேட்டு, தண்ணீர் நிறையக் குடித்தால் சரியாகிவிடும் என்று வீடு திரும்பும் பெண்களை நினைத்துப் பாருங்கள். அந்தத் தண்ணீர்க் குறைவு பல நாள் பஞ்சத்தின் கணக்கு என்பதை யாராவது உட்கார்ந்து அவளுக்குச் சொல்லியிருக்கவேண்டும்.

ஆக, "அசையமாட்டேங்குது" என்று தாய் சொல்வது வெறும் பயம் அல்ல. பிள்ளை செலவைச் சுருக்கத் தொடங்கிவிட்டது என்ற செய்தியாக அது இருக்கக்கூடும்.

டாப்ளர் இந்தப் பஞ்சத்தை இன்னும் முன்னதாகவே பார்க்கிறது. 1977-ல் டப்ளினில் ஃபிட்ஸ்ஜெரால்டும் டிரம்மும் தொப்புள்கொடி நாளத்தில் ரத்தம் ஓடும் வேகத்தை ஒலியலையால் அளந்து காட்டினார்கள். நல்ல நஞ்சுக்கொடியில் பிள்ளையின் இதயம் சுருங்கும்போதும் விரியும்போதும் ரத்தம் முன்னோக்கியே ஓடும். நஞ்சுக்கொடி கெட்டுப்போகப்போக, இதயம் விரியும் நேரத்து ஓட்டம் குறைகிறது, பிறகு நின்றுவிடுகிறது, மிக மோசமான நிலையில் பின்னோக்கியே ஓடுகிறது. அடைபட்ட மதகில் தண்ணீர் எதிர்த்து அடிப்பது போல. ரத்தக்கொதிப்புள்ள, வளர்ச்சி குன்றிய பிள்ளையைச் சுமக்கும் பெண்ணுக்கு இந்தப் படம் சில நாட்கள், சில நேரம் ஓரிரு வாரங்கள்கூட அவகாசம் வாங்கித் தருகிறது.

இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் எழுதவேண்டும். இந்தச் சோதனைகள் எல்லாம் ஒரே அளவு பயன் தந்ததாக ஆய்வுகள் சொல்லவில்லை. ஆபத்துள்ள கர்ப்பங்களில் தொப்புள்கொடி டாப்ளர் பிள்ளை இறப்பைக் குறைக்கிறது என்பதற்குச் சான்று இருக்கிறது. 10,000-க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, இறப்பு நூற்றுக்கு 1.7-லிருந்து 1.2 ஆகக் குறைந்திருந்தது. என்.எஸ்.டி. அப்படிக் குறைத்ததாகத் தெளிவான சான்று இல்லை. பத்து மதிப்பெண் சோதனைக்கும் இல்லை. அதற்காக அவை வீண் என்று சொல்லமாட்டேன். நல்ல தாள் வந்தால் பெரும்பாலும் அடுத்த சில நாட்களுக்கு நம்பலாம். மோசமான தாளில்தான் சிக்கல். உண்மையில் நலமாயிருக்கும் பிள்ளைகளையும் அது பல நேரம் ஆபத்து என்று காட்டிவிடும். அதனால் ஒரு தாளை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது.

ஆனால் முடிவு செய்கிறோம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி ஆந்திராவில் நூறு பிரசவத்தில் 42 சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 63. உலகச் சுகாதார நிறுவனம் 1985-ல் சொன்ன அளவு 10 முதல் 15. நம் தமிழ்நாடும் இதில் பெருமைப்பட ஏதுமில்லை, அங்கே 45-ஐ ஒட்டி நிற்கிறது. பிரசவ வலியின்போது தொடர்ந்து கருவியில் பதிவு செய்வதையும் இடையிடையே காதால் கேட்பதையும் ஒப்பிட்டு 1985-ல் டப்ளினில் ஏறக்குறைய 13,000 பெண்களிடம் ஆய்வு நடந்தது. கருவி வைத்த பக்கம் பிறந்த பிள்ளைகளுக்கு வலிப்பு பாதியாகக் குறைந்தது, இறப்பு குறையவில்லை. கருவி வந்த இடமெல்லாம் கத்தியும் கூட வந்தது என்பதைப் பிற ஆய்வுகளும் காட்டின. "துடிப்பு இறங்குது, உடனே எடுத்தாகணும்" என்ற சொல்லுக்கு எந்தக் குடும்பமும் எதிர்ச்சொல் சொல்லமுடியாது. அந்தச் சொல் மெய்யாக இருக்கும் இடங்கள் உண்டு. அதனால்தான் அது பொய்யாக இருக்கும் இடங்களைப் பொறுத்துக்கொள்ளக்கூடாது.

ஸ்கேன் இந்தியாவுக்கு வந்த கதை வேறொரு துயரம். கருவின் நலத்தைப் பார்க்க வந்த கருவியை நாம் முதலில் பெருவாரியாகப் பயன்படுத்தியது அது பெண்ணா என்று பார்க்க. கருவின் பாலினம் பார்ப்பதைத் தடைசெய்யும் சட்டம் 1994-ல் வந்தது, 1996-ல் நடைமுறைக்கு வந்தது, 2003-ல் மேலும் இறுக்கப்பட்டது. இன்று சித்தூர்த் தெருவில் எந்த ஸ்கேன் நிலையத்துக்குள் போனாலும் முதலில் கண்ணில் படுவது அந்த எச்சரிக்கைப் பலகைதான். சட்டம் தேவையானது, அதில் எனக்கு ஐயமே இல்லை. அதற்கு நாம் கொடுத்த விலையையும் சொல்லவேண்டும். எடுத்துப்போகக்கூடிய சிறு ஸ்கேன் கருவியைக் கிராமத்து நர்சின் கையில் கொடுத்து, தலை கீழே இருக்கிறதா, தண்ணீர் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்லும் வழியை நம் பெண்குழந்தை வெறுப்பு அடைத்துவிட்டது. பதிவு பெற்ற நிலையத்துக்கு, பதிவு பெற்ற மருத்துவரிடம், பஸ் ஏறித்தான் போகவேண்டும். மகளைக் கொல்லப் பயன்பட்ட கருவி, மகனோ மகளோ எந்தப் பிள்ளையையும் காப்பாற்றக் கிராமத்துக்குப் போகமுடியாமல் நிற்கிறது.

தாய்களைப் பொறுத்தவரை இந்த மண் சாதித்திருக்கிறது. 2005-ல் மருத்துவமனைப் பிரசவத்துக்கு உதவித்தொகை தரும் ஜனனி சுரக்ஷா திட்டமும், கிராமச் சுகாதாரப் பணியாளரான ஆஷா ஊழியர்களும் வந்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் ஆந்திராவில் 108 ஆம்புலன்ஸ் வண்டி ஓடத்தொடங்கியது. 2007-ல் ஆரோக்கியஸ்ரீ காப்பீட்டுத் திட்டம். ஆந்திராவில் நூற்றுக்கு 96 பிரசவத்துக்கு மேல் இன்று மருத்துவமனையில் நடக்கிறது. 2018-20 கணக்கில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புக்கு 45 தாய்மார் இறந்தார்கள், நாட்டின் சராசரி 97. 2016 முதல் ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி கர்ப்பிணிகளுக்கு மருத்துவரின் சோதனை இலவசம். அன்று ஆபத்துள்ள கர்ப்பம் என்று கண்டால் தாய்-சேய் அட்டையில் சிவப்பு ஒட்டி ஒட்டுவார்கள். அந்தச் சிவப்புப் பொட்டோடு ஒரு பெண் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அவளைக் காக்கவைக்கக்கூடாது என்பது அதன் பொருள்.

வயிற்றிலேயே இறக்கும் பிள்ளைகளின் கணக்கு மட்டும் இந்த வேகத்தில் இறங்கவில்லை. 2019-ல் உலகில் ஏறக்குறைய 20 லட்சம் பிள்ளைகள் இறந்தே பிறந்தன, அதில் இந்தியாவின் பங்கு ஏறக்குறைய 3,40,000 என்று ஐ.நா. அமைப்புகள் 2020-ல் மதிப்பிட்டன. எந்த நாட்டைவிடவும் இது அதிகம். பிரசவ வலி தொடங்கும்வரை உயிரோடிருந்து, வலியின்போது இறந்தவை உலக அளவில் நூற்றுக்கு 40-க்கும் மேல். 2014-ல் இந்தியா பச்சிளம் குழந்தைகளுக்கான செயல்திட்டத்தை அறிவித்தபோது 2030-க்குள் இறந்து பிறப்பதை ஆயிரத்துக்கு ஒற்றை இலக்கத்துக்குக் கொண்டுவருவதாகச் சொன்னது. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு-இறப்புப் பதிவுச் சட்டப்படியே இறந்து பிறந்த பிள்ளையைப் பதியவேண்டும். எத்தனை வீடுகளில் இது தெரியும்? பெயர் வைப்பதில்லை, முகம் காட்டுவதில்லை, அன்று மாலையே ஒரு துணியில் சுற்றி ஆண்கள் எடுத்துப்போய் அடக்கம் செய்கிறார்கள். பால் கட்டிய மார்போடு தாய் வீடு திரும்புகிறாள். "அடுத்தது நல்லபடியா பொறக்கும்" என்கிறார்கள். திண்டிவனத்து இரவின் மூன்று பிள்ளைகளை எண்ணாமல் விட்ட அதே பழக்கம்.

எண்ணாத இறப்புக்கு விசாரணை கிடையாது. தாய் இறந்தால் ஏன் என்று கேட்கிறார்கள், கோப்பு எழுதுகிறார்கள், கலெக்டர் வரை போகிறது. அதனால்தான் அந்த எண் இறங்கியது. வயிற்றில் இறந்த பிள்ளைக்கும் அதே கேள்வி கேட்கப்படவேண்டும். கடைசியாக அசைவு எப்போது? யாரிடம் சொன்னாள்? என்.எஸ்.டி. எப்போது எடுத்தார்கள், டாப்ளர் எடுத்தார்களா, எத்தனை மணிக்கு மேல்சிகிச்சைக்கு அனுப்பினார்கள், வண்டி எத்தனை மணிக்கு வந்தது?

ஏனென்றால் சோதனை என்பது பாதிதான். தாள் மோசம் என்று தெரிந்தபின் என்ன செய்வது? வயிறு பாதுகாப்பா, கண்ணாடிப் பெட்டி பாதுகாப்பா என்று முடிவெடுக்கவேண்டும். முப்பது வாரப் பிள்ளை என்றால் நுரையீரல் பழுக்க ஸ்டீராய்டு ஊசி போடவேண்டும். 1972-ல் நியூசிலாந்தில் லிகின்ஸும் ஹோவியும் நிறுவிக்காட்டிய அந்த மலிவான ஊசிக்குப் பலன் தர ஒரு நாளாவது வேண்டும். மயக்கமருந்து மருத்துவர் வேண்டும், ரத்தம் வேண்டும், பச்சிளம் குழந்தைப் பிரிவில் இடம் வேண்டும். திருப்பதியிலும் வேலூரிலும் இதெல்லாம் ஒரே கூரைக்கீழ் உண்டு. குப்பத்தில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆனால் அங்கிருந்து திருப்பதி ஏறக்குறைய 180 கிலோமீட்டர், வழியில் பலமனேர் மலைப்பாதை. எல்லைக்கு அருகில் உள்ளவர்கள் ஆந்திர அட்டையோடு தமிழ்நாட்டு மருத்துவமனைக்கும், தமிழ்நாட்டு அட்டையோடு திருப்பதிக்கும் போகிறார்கள். பிள்ளைத்தாச்சியின் பதிவேடு அவளோடு எல்லை தாண்டவேண்டும். எண்ணமும் எழுத்தும் தெலுங்கிலும் தமிழிலுமாக இரண்டுபட்டுப்போன இந்தப் பகுதியில் அதை முதல் வேலையாக இரு அரசுகளும் செய்யவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தாய் அசைவை எண்ணுவது பற்றியும் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. 1976-ல் கார்டிஃபில் பியர்சனும் வீவரும் பத்து அசைவு எண்ணும் முறையைக் கொண்டுவந்தார்கள். 1989-ல் 68,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் அதைச் சோதித்தபோது இறப்பு குறையவில்லை. 2018-ல் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட கர்ப்பங்களில், அசைவு குறைந்தால் உடனே சொல்லும் விழிப்புணர்வைச் சோதித்த பெரிய ஆய்விலும் தெளிவான குறைவு தெரியவில்லை. அப்படியானால் எண்ணுவதில் பயனில்லையா? 1989 ஆய்வுக்குள் ஒரு செய்தி இருக்கிறது. எண்ணிய பெண்களில் சிலர் அசைவு குறைந்தது என்று வந்தபோது பிள்ளை உயிரோடுதான் இருந்தது. அதற்குப்பின்தான் போயிற்று. அடுத்து எடுத்த சோதனை தந்த பொய்யான நிம்மதியும், மருத்துவரின் தவறும் அதற்குக் காரணங்களாக இருந்தன. அவர்கள் சரியாகத்தான் எண்ணியிருந்தார்கள். சேதி வந்து சேர்ந்தது. எடுத்துக்கொள்ள வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை.

நம் ஊரில் சேதி வந்து சேர்வதற்கே பல வாசல்கள். முதலில் மாமியாரிடம் சொல்லவேண்டும். "நிறைமாசத்துல பிள்ளை அப்படித்தான் அடங்கும்" என்று பதில் வரும். இது தவறு. நிறைமாதத்தில் உதையின் விதம் மாறலாம், அசைவு குறையக்கூடாது. பிறகு கணவன் வேலையிலிருந்து வரவேண்டும். பிறகு ஆஷா. பிறகு ஆரம்ப சுகாதார நிலையம், அங்கே துடிப்பு கேட்கிறது என்று சொல்லித் திருப்பி அனுப்பலாம். துடிப்பு கேட்பது உயிர் இருக்கிறது என்பதற்குச் சான்று, நலம் என்பதற்கு அல்ல. மேலே சொன்ன ஐந்தில் ஒன்றைக்கூட அந்தக் குழல் பார்க்கவில்லை.

இதைப் படிப்பவர் வீட்டில் ஏழு மாதம் தாண்டிய ஒரு பெண் இருந்தால், இன்று ராத்திரி சாப்பாட்டுக்குப்பின் அவளை இடப்பக்கம் சாய்ந்து படுக்கச்சொல்லி, பிள்ளை எப்படி அசைகிறது என்று கேளுங்கள். தினமும் கேளுங்கள். வழக்கத்தைவிடக் குறைவு என்று அவள் சொன்னால், இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு வரவில்லை என்றால், அவள் அட்டையில் சிவப்பு ஒட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் சொல்லாதீர்கள். மணி எத்தனையானாலும் 108-ஐக் கூப்பிடுங்கள்.